தவளம் போன பாதையில் கோச்சி

எங்கள் வீட்டுக் குசினிக் கதவுக்கு மேலே ஓர் ஆணியில் பழைய வெண்கல மணி ஒன்று தொங்குகிறது. அதற்குள் இருக்க வேண்டிய நாக்கு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. எவ்வளவு ஆட்டினாலும் சத்தம் வராது. சிறு வயதில் நானும் தம்பியும் அதை எடுத்து விளையாடினால் உம்மம்மா ஓடி வந்து பறித்துக்கொள்வார்.

"இது வெளயாட்டுச் சாமான் இல்ல புள்ள. தவளத்து மணி."

அப்படிச் சொல்லும்போதே கீழே கோச்சி ஏற்றத்தில் மூச்சு வாங்கி வரும் சத்தம் கேட்டால், உம்மம்மா ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "அந்தக் கோச்சிதான் எங்கட சோத்தத் திண்டது" என்று முடிப்பார். பாடப்புத்தகத்தில் அது புகையிரதம். எங்கள் வீட்டில் எப்போதும் கோச்சிதான்.

எங்கள் வீடு கடுகண்ணாவையில், புகையிரதப் பாதைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஊரில் யாராவது வீடு விசாரித்தால் வீதியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "லைனுக்கு மேலயா, லைனுக்குக் கீழயா?" என்றுதான் கேட்பார்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகூட அந்தப் பாதைக்கு அடியில் கட்டிய மதகுக்குள் புகுந்துதான் கீழே வயலுக்குப் போகிறது. ஒரு தண்டவாளம் ஊரை மேல், கீழ் என்று இரண்டாக்கி, தண்ணீருக்கும் வழி குறித்துக் கொடுத்திருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி என்பதால் அதை நான் ஒரு மாற்றமாகவே நினைத்ததில்லை. மலையும் பாதையும் ஒன்றாகவே படைக்கப்பட்டவை என்பது போல இருந்தது.

தவளம் என்றால் என்ன என்று நான் முதலில் அறிந்தது உம்மம்மாவிடம். பிறகுதான் வரலாற்றுப் பாடத்தில் படித்தேன். கண்டி இராச்சியத்தில் வண்டி ஓடும் பாதைகள் இருக்கவில்லை. காடும் மலையும்தான் கண்டியின் கோட்டை. பாதை போட்டால் பகைவனுக்கும் அது வழியாகிவிடும் என்று மன்னர்கள் அறிந்திருந்தார்கள். ஒற்றையடிப் பாதைகளும், அவற்றை மறித்த முள்வேலிக் கடவத்தைகளுமே இருந்தன. அந்தப் பாதைகளில் பொதி மாடுகளின் முதுகில் சாமான் ஏற்றிச் செல்வதுதான் தவளம். கரையோரத்திலிருந்து உப்பு, கருவாடு, துணி மேலே வரும். மலைநாட்டிலிருந்து பாக்கும் மிளகும் கீழே போகும். அரசனின் நிர்வாகத்தில் இந்தப் போக்குவரத்துக்கென்றே மடிகே பத்த என்ற ஒரு பிரிவு இருந்தது. கண்டி நாட்டு முஸ்லிம்கள் பலர் அதில்தான் சேவை செய்தார்கள். 1626 இல் போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்கு செனரத் மன்னன் தன் நாட்டில் இடம் கொடுத்தான் என்று படிக்கிறோம். இடம் பெற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த நாட்டின் உப்பைச் சுமந்தார்கள்.

உம்மம்மாவின் மூத்தாப்பாவுடைய வாப்பா அப்படிப்பட்ட ஒரு தவளக்காரர். பத்துப் பன்னிரண்டு மாடுகள் வைத்திருந்தாராம். முன்னால் போகும் மாட்டின் கழுத்தில் கட்டியிருந்த மணிதான் எங்கள் குசினிக் கதவுக்கு மேலே தொங்குவது. புத்தளம் வரை நடந்து போய் உப்பு ஏற்றி வருவாராம். போக வர எத்தனை நாள் எடுக்கும் என்று வீட்டில் யாருக்கும் கணக்கில்லை. மணிச்சத்தம் கேட்டால்தான் வீட்டில் உலை வைப்பார்களாம்.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. மலையைக் குடைந்து வருகிறவனுக்கே கண்டி பணியும் என்று ஒரு பழங்கதை உண்டு. வந்தவர்கள் கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்தே வீதி போட்டார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் அந்த வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் எங்கள் ஊரில் நிற்கிறது. அந்த வீதியால் பொதி மாடு வண்டி மாடாக மாறியது. பிறகு கோப்பி வந்தது. 1840 ஆம் ஆண்டின் காணிச் சட்டம், உரித்துப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியவை என்றது. கிராமத்தவர் விறகு பொறுக்கிய காடு, மாடு மேய்த்த மேடு, குரக்கன் விதைத்த சேனை எல்லாம் விற்பனைக்கு வந்தன. மலைகள் மொட்டையாகி, கோப்பிச் செடி ஏறியது. அந்தக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக மாட்டு வண்டிகள் நாட்கணக்கில் உருண்டன. மழைக்காலத்தில் வண்டி புதைந்தால் சரக்கு கெடும். தோட்டத் துரைமார் புகையிரதம் கேட்டு அரசாங்கத்தை நெருக்கியது அதனால்தான். நம் கிராமத்தவருக்காக அந்தப் பாதை போடப்படவில்லை. கோப்பிக்காகப் போடப்பட்டது.

1858 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கி வைத்தார். 1864 இன் கடைசி வாரத்தில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் புகையிரதம் ஓடியது. 1867 இல் அது கண்டியை அடைந்தது. இடையில் இருந்த பெரிய தடை எங்கள் மலைதான். றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 1,400 அடி ஏற வேண்டும். சில இடங்களில் 45 அடி போனால் ஓர் அடி உயரம். வீதியில் நடப்பவருக்கு அது பெரிய ஏற்றமில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏறுவதற்கு அது மிகக் கடுமையானது. அலகல்ல மலையின் விளிம்பை வெட்டி, பாறைகளுக்குள் சுரங்கம் குடைந்து, ஐந்தரை அடி அகலத்தில் தண்டவாளம் போட்டார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வேலையாட்கள் பலர் இறந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் கதவருகே நின்று கைப்பேசியில் படம் எடுக்கும் அந்தப் பள்ளத்தாக்கில், பெயர் எழுதாத மையவாடிகளும் உண்டு என்பதை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பிக்காக வந்த கோச்சி கோப்பியை நீண்ட காலம் சுமக்கவில்லை. 1869 இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் ஒரு துரு நோய் கண்டது. ஒன்றரைப் பத்தாண்டுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. ஆனால் கோச்சி கண்டிக்கு வந்த அதே 1867 இல், ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி விட்ட இடத்தைத் தேயிலை பிடித்தது. தண்டவாளமும் அதன் பின்னால் ஏறியது. 1874 இல் நாவலப்பிட்டி, 1880 இல் மாத்தளை, 1885 இல் நானுஓயா, கடைசியாக 1924 இல் பதுளை. கோச்சி நின்ற இடமெல்லாம் கடைத்தெரு முளைத்தது. வெயிலைப் பார்த்து நேரம் சொன்ன கிராமங்களில் நிலையத்துக் கடிகாரம் நேரம் சொல்லத் தொடங்கியது.

இவ்வளவையும் படித்த பிறகும் உம்மம்மாவின் பேச்சு எனக்குச் சரியாகவே பட்டது. கோச்சி வந்தது, தவளம் போனது, எங்கள் ஆட்கள் மாட்டை விற்றுவிட்டுக் கடை போட்டார்கள். நாங்கள் தோற்றவர்களின் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் யாரும் அதிகம் கோச்சியில் போனதில்லை. நான் ஆறாம் ஆண்டிலிருந்து கண்டிக்குப் பாடசாலை வேனில்தான் வந்தேன். 2022 இல் நாட்டில் எரிபொருள் இல்லாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். வேன் மாமா இரண்டு நாள் வரிசையில் நின்று பார்த்தார். பிறகு, "மன்னிச்சுக்கோங்க, இனி ஏலாது" என்று சொல்லிவிட்டார். பாடசாலை வாரத்தில் சில நாள் மட்டும் நடந்தது. அந்தச் சில நாட்களுக்கும் போக வழியில்லை. அடுத்த வருடம் சாதாரணதரப் பரீட்சை வகுப்பு.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பா சொன்னார். "கொஞ்ச நாளைக்கு வீட்ட இருந்து படிக்கட்டும்."

உம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் தட்டுகளைக் கழுவும் சத்தம் வழமையைவிடக் கூடுதலாகக் கேட்டது. உம்மாவும் இப்படித்தான் கொஞ்ச நாளைக்கு என்று வீட்டில் இருந்தவர். சாதாரணதரம் எழுதிய பிறகு கண்டிக்குத் தனியாகப் போய் வர வேண்டும் என்பதால் படிப்பு நின்றது. அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

"கோச்சி ஓடுதே வாப்பா" என்றேன்.

வாப்பா என் முகத்தைப் பார்க்காமல், "கோச்சியில சனம்" என்றார். அதற்குள் வேறொன்றும் இருந்தது எனக்குத் தெரியும். 2018 மார்ச் மாதம் திகனையில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது வாப்பா மூன்று இரவு தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். பர்தா போட்ட மகளைத் தெரியாத கூட்டத்துக்குள் அனுப்ப அவர் பயந்தார். அந்தப் பயம் எங்கள் வீட்டில் புதிதுமல்ல. 1915 இல் கண்டியில் தொடங்கிய கலவரம் ஊர் ஊராகப் பரவி, எங்கள் ஆட்களின் கடைகளை எப்படி உடைத்தது என்று உம்மம்மாவும் கேட்டு வளர்ந்தவர்.

அப்போதுதான் மூலையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த உம்மம்மா வாயைத் திறந்தார்.

"போகட்டும். கோச்சியில போகட்டும்."

வாப்பா திகைத்துவிட்டார். கோச்சியைத் திட்டாமல் ஒரு நாளும் கழிக்காத உம்மம்மா! ஏன் என்று நாங்கள் கேட்டபோது, "சாமான் போன பாதைதானே, புள்ளயும் போகட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அடுத்த நாள் வாப்பாவே நிலையத்துக்கு வந்து மாணவர் பருவகாலச் சீட்டு எடுத்துத் தந்தார். முதல் இரண்டு வாரம் அவரும் கூடவே வந்தார். சுபஹு தொழுதவுடன் புறப்படுவோம். பெட்டிக்குள் கால் வைக்க இடமிருக்காது. மூன்றாவது நாள் நான் கம்பியைப் பிடித்தும் பிடிக்காமலும் தடுமாறிக்கொண்டிருந்தேன். ஓர் ஆசனத்திலிருந்து ஒரு சிங்கள அம்மா, "துவ, மெஹாட்ட என்ன" என்று கூப்பிட்டு, என் புத்தகப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பேராதனை வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறவர். அன்றிலிருந்து அவர் வரும் நாட்களில் என் பை அவருடைய மடியில்தான் பயணம் செய்தது. இதைக் கொண்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத நான் விரும்பவில்லை. முறைத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் மூன்றாவது வாரம் வாப்பா நிலையத்து வாசலோடு நின்றுகொண்டார். அது அந்த அம்மாவால்தான்.

அதே பெட்டியில் கண்டியில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்யும் தோட்டத்து அக்கா ஒருவரும் வருவார். ஒருநாள் உம்மம்மாவின் பேச்சை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒங்க சோத்தத்தான் தின்னுச்சு. எங்க சொந்தத்தையே கொண்டுபோயிருச்சு" என்றார்.

அவருடைய பாட்டன் பூட்டன் காலத்தில் கோப்பிக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தவர்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1914 இல் தலைமன்னார் வரை தண்டவாளம் போனது, பிறகு வந்தவர்கள் கோச்சியில் வந்தார்கள். 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்போது அதே கோச்சி அவர்களைத் தலைமன்னாருக்குத் திருப்பிக் கொண்டுபோனது. ஒரு பிள்ளைக்கு இந்தியா, ஒரு பிள்ளைக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தன. நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுவார்களாம். அதனால் மலையகத்தில் அந்தப் புகையிரதத்துக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. அக்காவின் பாட்டியுடைய தங்கை அப்படிப் போனவர். பிறகு பார்க்கவே இல்லை.

அன்று கண்டியில் இறங்கும்போது என் மனம் பாரமாக இருந்தது. கோச்சியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதைதான் இருந்தது. ஒரே பெட்டியில் வரும் ஒவ்வொருவரிடமும் வேறொரு கதை இருக்கிறது. பை சுமந்த அந்த அம்மாவின் ஊரில் சேனை பறிபோன கதை இருக்கலாம். நட்டம் எங்களுக்கு மட்டும் வந்தது போல நான் நினைத்திருந்தேன்.

அடுத்த வருடம் எங்கள் வகுப்பைக் கடுகண்ணாவைத் தேசிய புகையிரத நூதனசாலைக்கு அழைத்துச் சென்றார்கள். இலங்கைப் புகையிரதத்தின் 150 ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2014 இல் திறக்கப்பட்டது அது. என் ஊருக்கு நானே சுற்றுலா போனது போல் இருந்தது. பழைய இயந்திரங்களுக்கு முன்னால் நின்றபோது எங்கள் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்.

"கோச்சி நிலையத்தில்தான் நிற்கும். தோட்டத்திலிருந்தும் கிராமத்திலிருந்தும் சாமான் நிலையத்துக்கு எப்படி வந்தது?"

யாரும் பதில் சொல்லவில்லை. "மாட்டு வண்டியில்தான்" என்றார் ஆசிரியை. நெடுந்தூர வண்டிகள்தான் நின்றன. நிலையத்துக்குப் போகும் குறுந்தூர வண்டிகளுக்கு வேலை இருந்தது. அவற்றை நிறுத்தியது கோச்சியல்ல, பிறகு வந்த லொறி.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உம்மம்மாவிடம் கேட்டேன். "உங்கட மூத்தாப்பா என்ன தொழில் செஞ்ச?"

"கரத்தை வெச்சீந்த. ஸ்டேஷனுக்குப் பாக்கு, மிளகு ஏத்திக்கிட்டுப் போற. வரக்குள்ள அரிசி, மண்ணெண்ணெய் ஏத்திக்கிட்டு வார."

"அப்ப கோச்சி எங்கட சோத்தத் திங்கல்லயே உம்மம்மா. சோறு குடுத்தீக்கி."

உம்மம்மா வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் கதவுக்கு மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சோத்தத் திங்கல்ல புள்ள. நடையத்தான் திண்டது. அவர்ட வாப்பா புத்தளத்துல கடல் பார்த்த மனிசன். நாலு பாஷை பேசுவாராம். எந்த ஊருக்குப் போனாலும் படுக்கத் திண்ணை ஈந்ததாம். மகன் ஸ்டேஷனோட நிண்ட. அவர்ட மகன் கடையோட நிண்ட. நான் குசினியோட நிண்ட."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுக்குத்தான் அண்டைக்குப் போகட்டும்னு சென்ன" என்றார்.

அன்றுதான் அந்த இரவின் காரணம் எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்கள் இழந்தது வருமானத்தை மட்டுமல்ல. தூரத்தை இழந்தார்கள். ஆண்களுக்கு அது ஸ்டேஷன் வரை சுருங்கியது. பெண்களுக்கு அது முன்பும் இருக்கவில்லை.

ஆனால் இதே கண்டியில், கோச்சி வந்தபோது 29 வயது இளைஞராக இருந்த ஒருவர் அந்தத் தூரத்தை வேறு விதமாகப் பார்த்தார். அறிஞர் சித்திலெப்பை. 1882 இல் கண்டியிலிருந்து முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார். 1891 இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார். அவருடைய சகோதரி முத்து நாச்சியார் அங்கே கற்பித்தார். மறு ஆண்டு கொழும்பில் ஸாஹிரா உருவானபோது அதிலும் அவருடைய பங்கு இருந்தது. கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே ஒரே பகலில் போய்ச் சேரக்கூடிய காலம் வந்த பிறகு நடந்த பணிகள் இவை. துரைமார் கோப்பிக்காகப் போட்ட பாதைதான். அதில் பத்திரிகையும் பள்ளிக்கூடமும் போகலாம் என்று கண்டவர்கள் நம்மவர்களிலும் இருந்திருக்கிறார்கள்.

சூரத்துந் நஹ்லின் 7 ஆம், 8 ஆம் வசனங்களை உம்மம்மா ஓதும்போது இப்போது நான் கவனித்துக் கேட்கிறேன். மனிதன் பெருஞ்சிரமமின்றி அடைய முடியாத ஊர்களுக்கு அவனுடைய சுமைகளைக் கொண்டு செல்லும் கால்நடைகளை அல்லாஹ் அங்கே நினைவூட்டுகிறான். அதைத் தொடர்ந்து, நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைப்பான் என்கிறான். தவளமும் கோச்சியும் அந்த இரண்டு வசனங்களுக்குள் எனக்குத் தெரிகின்றன.

எரிபொருள் வந்து வேன் மறுபடி ஓடத் தொடங்கியபோது வாப்பா என்னிடம் கேட்டார். நான் கோச்சியே போதும் என்றேன். இப்போது உயர்தர வகுப்பிலும் அதே கோச்சியில்தான் வருகிறேன். பேராதனை கழிந்ததும் சரசவி உயன என்ற சிறிய நிலையம் வரும். பல்கலைக்கழக மாணவர்கள் இறங்குவார்கள். அவர்களில் என்னைப் போலப் பர்தா அணிந்த ராத்தாமாரும் உண்டு. கோச்சி அங்கே ஒரு நிமிடம்தான் நிற்கும். அந்த ஒரு நிமிடமும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பேன்.

போன மாதம் வாப்பா பட்டறையில் கொடுத்து அந்த மணிக்குப் புது நாக்கு போட்டுக்கொண்டு வந்தார். உம்மம்மா அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அதே ஆணியில் மாட்டினார். பின்னேரம் நான் வீட்டுப் படியேறும்போது தம்பி அதை அடிக்கிறான். உள்ளேயிருந்து உம்மம்மாவின் குரல் வருகிறது.

"புள்ள வந்துட்டா. தேத்தண்ணிக்குத் தண்ணி வைங்க."